இலவச மனையில் கவிதைக்கு ஒரு வீடு



நூலையும் ஆசிரியரையும் தேடிச் சென்ற ஓர் இளைஞரைப் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகள் நன்கறியும். உ.வே. சாமிநாதையர் (1855–1942) தம் இளமையில் அரியலூரில் சடகோபையங்காரிடமும், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடமும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் பாடம் கேட்டார். மகனின் தமிழுக்காகத் தந்தையார் குடும்பத்துடன் ஊர் ஊராகக் குடிபெயர்ந்தார். நூல் ஓரிடத்தில் மட்டுமே இருக்குமானால், படிப்பவரே நூலிடம் சென்றாக வேண்டும்.

அந்த நிலை இன்றும் முற்றாக மாறிவிடவில்லை. சிற்றூர்க் கவிஞர் ஒருவர் கைப்பொருளைச் செலவிட்டு நூல் அச்சிடுகிறார். பாதிப் படிகள் நண்பர்க்கு அன்பளிப்பாகின்றன. மீதி பரணில் கிடக்கின்றன. அவர் காலத்திற்குப் பின் கையெழுத்துப் படிகள் பழைய தாள் கடைக்குப் போகின்றன. இந்நிலையில், கட்டணமின்றிக் கிடைக்கும் இணைய இடத்தில் தமக்கென ஓர் எளிய பக்கத்தைக் கவிஞர் அமைத்துக்கொள்வது பற்றிச் சிந்திப்பது பொருத்தமாகும்.

அமைக்கும் வேலை சிறிது. கவிதைகளைத் தட்டெழுதி, எச்.டி.எம்.எல். என்னும் எளிய குறியீடுகள் சேர்த்துக் கோப்பாக்கி, இடம் தரும் நிறுவனத்தின் வழங்கிக் கணினிக்கு அனுப்பிவைத்தால் போதும். முகப்புப் பக்கத்தின் கோப்புக்கு ‘இன்டெக்ஸ்’ என்று பெயரிடுவது மரபு. முகவரியைத் தட்டியவுடன் வழங்கி முதலில் தேடுவது அதனைத்தான். கோப்புப் பெயர்களை ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளியின்றி எழுதுவது நலம். வீட்டுக் கணினி பெரும்பாலும் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே கொள்ளும். வழங்கிகளுள் பல அவற்றை வேறு வேறாகக் கொள்ளும். வீட்டில் ஒழுங்காகத் தெரிந்த படம் ஏற்றியபின் காணாமற் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

கவிஞர்கள் கருத வேண்டிய செய்தி வேறொன்று. உலவி என்னும் மென்பொருள், கோப்பில் அடி மடக்கி எழுதியதை அடியாகக் கொள்ளாது. தனிக் குறியீடு இடாவிட்டால் நேரிசை ஆசிரியப்பாவும் புதுக்கவிதையும் உரைநடைபோல ஓடிவிடும். ஏட்டுச் சுவடியிலும் செய்யுள் இவ்வாறே அடிபிரியாமல் ஓடும், புள்ளியும் இராது. அடி பிரித்துச் சீர் அமைத்துத் தந்தவர்கள் பதிப்பாசிரியர்கள். சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தபோது சாமிநாதையர் பட்ட பாட்டில் ஒரு சிறு பங்கை இணையக் கவிஞரும் படத்தான் வேண்டும். அடிதோறும் ஒரு குறியீடு இடுவது அத்துணைப் பெரிய துன்பமும் அன்று.

எழுத்துச் சிக்கல் இதனினும் பெரிது. அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் தங்கித் தமிழ்ப்பணி செய்த வீரமாமுனிவர் (1680–1747) எகர ஏகார, ஒகர ஓகார வடிவங்களைப் பிரித்துத் தெளிவாக்கினார் என்பது வழிவழி வரும் செய்தி. அவர் தீர்த்ததாகச் சொல்லப்படும் குழப்பம் 1990களில் வேறு உருவில் திரும்பி வந்தது. எழுத்துரு ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தது. ஓர் எழுத்துருவில் எழுதிய பக்கத்தை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தமிழ் தெரியாது; பொருளற்ற உரோமன் எழுத்துகளே தெரியும். இன்று ஒருங்குறி அக்குறையைப் போக்கிவிட்டது. தமிழக அரசும் 2010இல் அதனை ஏற்றது. பக்கத்தின் தலைப்பகுதியில் யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டு, கோப்பையும் அம்முறையில் சேமித்தால் போதும். இம்முறையில் தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட் ஆகும். பக்கத்துக்கு 600 குறியீடு வீதம் நூறு பக்கத் தொகுதி ஏறத்தாழ 180 கிலோபைட்டில் அடங்கும்.

இனி, அந்த இலவச மனையின் இயல்பு. 1994இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டு ஜியோசிட்டீஸ் எனப் பெயர் பெற்ற நிறுவனம் எவர்க்கும் கட்டணமின்றி இடம் தந்தது. பொருளுக்கேற்பத் தெருப்பெயர்களும் வைத்திருந்தது. கல்விக்கும் இலக்கியத்துக்கும் உரிய தெரு ‘ஏதென்ஸ்’. சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் வேதியியல் அறிஞராக விளங்கிய முனைவர் கு. கல்யாணசுந்தரம், தம் தமிழ் மின்நூலகத்தை அத்தெருவில்தான் வைத்தார். ‘மயிலை’ எழுத்துருவை ஆக்கி அளித்தவரும், 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் முன்னோடியும் அவரே.

அந்த மனைக்குப் பட்டா இல்லை. 1999இல் ஜியோசிட்டீசை யாகூ வாங்கியது. உறுப்பினர் எழுதியவற்றின் மேல் தனக்கு விரிந்த உரிமை உண்டென அவ்வாண்டே ஒரு நிபந்தனையை வெளியிட்டது. பெரும் எதிர்ப்பு எழுந்தபின் அதனைத் திருத்திக்கொண்டது. 2009 அக்டோபர் 26 அன்று மூடும் பணி தொடங்கியது. ஜப்பானியப் பிரிவு மட்டும் 2019 வரை நீடித்தது. ஆர்வலர்கள் சிலர் இரவு பகலாக உழைத்து ஒரு பகுதியைப் படியெடுத்துக் காத்தனர், எஞ்சியவை போயின. கல்யாணசுந்தரத்தின் நூலகமும் மதுரைத் திட்டமும் வேறு முகவரிகளில் வாழ்கின்றன. கோப்புகள் உரியவர் கையில் இருந்தன. மதுரைத் திட்டத்து நூல்கள் பழைய குறியீட்டிலிருந்து ஒருங்குறிக்கும் மாற்றப்பட்டன. சுவடி சிதையுமுன் புதிய ஓலையில் படியெடுத்த முன்னோர் செயலும் இத்தகையதே.

கிட்ஹப் பேஜஸ் 2008 முதலும், நியோசிட்டீஸ் 2013 முதலும் இவ்வாறு இடம் அளித்து வருகின்றன. இவற்றுக்கும் பட்டா இல்லை. ஆயினும் எளிய எச்.டி.எம்.எல். கோப்பாக வைத்திருப்பவர், ஒரு மனை மூடப்பட்டால் அதே கோப்புகளை மறுநாளே வேறு மனையில் ஏற்றிவிடலாம். கைப்பேசிக் குழுக்களில் மட்டும் கவிதையைப் பதிவோர்க்கு இந்த வசதி இல்லை. அங்கே நேற்றைய வெண்பா இன்றைய காலை வணக்கப் படங்களின் கீழே புதைந்துவிடுகிறது. அச்சுப் பக்கத்தைப் படம்பிடித்து ஏற்றுவதும் அரைகுறை வேலையே. சொல்லைத் தேடுவோர்க்கு அது எளிதில் அகப்படாது.

பத்தாண்டு கண்ட வட்டம் இப்பணியைத் தொடங்குவதாயின், மறைந்த உறுப்பினர்களின் கவிதைகளை முதலில் எடுத்துக்கொள்வது தகும். அவற்றுக்குப் பேச ஆளில்லை. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிப்பதால், குடும்பத்தாரின் இசைவை எழுத்தில் பெற வேண்டும். கடவுச்சொல்லை இருவரேனும் அறிந்திருக்க வேண்டும். ஒருவர் பெரம்பலூரிலும் மற்றவர் அரியலூரிலும் இருக்கலாம். கோப்புகளின் படி இருவர் வீட்டுக் கணினியிலும் இருக்கட்டும். ஆண்டுக்கொரு முறை, ஆண்டு விழாவை ஒட்டி, இரு படிகளையும் திறந்து எழுத்து சரியாகத் தெரிகிறதா என்று ஒப்புநோக்குவதற்கு ஒரு பிற்பகல் போதும்.