சுவரை விலை பேசும் முன் மண்ணைப் பாருங்கள்
(காஞ்சிபுரத்தில் வணிகச் சகோதரர்களிடமும் இளைஞர்களிடமும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கடை நடத்துபவர்கள் இங்கே இருக்கிறீர்கள். வளைகுடாவில் பத்து வருடம் வெயிலில் நின்று சம்பாதித்துத் திரும்பியவர்களும் இருக்கிறீர்கள். கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் நமக்குத் தோன்றுவது ஒன்றுதான். வங்கியில் போட்டால் வட்டி. வியாபாரத்தில் போட்டால் பயம். ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டால் மாதாமாதம் ஹலாலான வருமானம். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த ஒரு வீட்டுக்குள் வாழ்நாள் சேமிப்பு முழுவதும் போய் விடுகிறதே! வீடு கைநழுவினால் மகளின் திருமணமும் மகனின் படிப்பும் சேர்ந்தே நழுவும்.

இந்த ஊரைப் பொறுத்தவரை முதல் கேள்வி: கட்டடம் நிற்கும் மண் யாருடையது? காஞ்சிபுரம் கோயில் நகரம். கோயிலுக்குச் சொந்தமான அடிமனையில் தலைமுறை தலைமுறையாக வீடு கட்டிக் குடியிருப்பவர்கள் உண்டு. சுவர் அவர்களுடையது, மண் கோயிலுடையது. அப்படிப்பட்ட வீடு விலைக்கு வரும்போது சந்தை விலையைவிடக் குறைவாகத்தான் வரும். நாமும் "சல்லிசாகக் கிடைக்கிறதே" என்று முன்பணம் கொடுத்து விடுகிறோம். 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம் 34-ஆம் பிரிவின்படி, ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்க முடியாது. ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கும் விட முடியாது. "குடியிருப்பவருக்கே மண்ணை வாங்கும் உரிமை உண்டு, 1921-லேயே சட்டம் வந்துவிட்டது" என்று தரகர் சொல்வார். அந்தச் சட்டத்தை 1996-இல் திருத்தி, சமய நிறுவனங்களின் நிலத்தை அதிலிருந்து விலக்கி விட்டார்கள் என்பதை அவர் சொல்ல மாட்டார்.

இதில் நமக்கு வருத்தப்பட ஒன்றுமில்லை. நம் வக்ஃப் சொத்தை எவனோ ஒருவன் விற்றுவிட்டால் நாம் சும்மா இருப்போமா? கோயில் மண்ணுக்கும் அதே நியாயம்தான். ஆகவே வில்லங்கச் சான்றிதழோடு நின்று விடாதீர்கள். நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை வாங்கி, உரிமையாளர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். கோயில் பெயரோ வக்ஃப் பெயரோ இருந்தால் அங்கேயே நிறுத்திக் கொள்ளுங்கள்.

அடுத்தது, எழுத்து. நம்மில் பலர் முகத்தைப் பார்த்து வீட்டைக் கொடுக்கிறோம். திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது? கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. அல்பகரா அத்தியாயம், 282-ஆவது வசனம். அதை ஓதுகிறோம், வாடகை ஒப்பந்தத்தை மட்டும் எழுதுவதில்லை!

1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017-இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வதும் கட்டாயம். பதினோரு மாதத்துக்கு எழுதினால் பதிவே வேண்டாம் என்ற பழைய கணக்கு இங்கே செல்லாது. வேறு விதமாக எழுதிக் கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. குடியிருப்பவர் ஒப்பந்தம் எழுத மறுத்தால், காலி செய்யச் சொல்லி மனுப்போட அதுவே ஒரு காரணம். வாடகை பாக்கி என்பதற்காகத் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவதோ குற்றம். கோபத்தில் பூட்டுப் போட்டவர் நியாயம் தம் பக்கம் இருந்தும் எதிராளியாக நிற்க நேரும்.

போக்கியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக் கொண்டு, மாத வாடகை இல்லாமல் வீட்டை விடுகிறோம். அந்தப் பணம் திருப்பித் தர வேண்டிய கடன். அதைக் கடைச் சரக்கில் போட்டுவிட்டு, கெடு வந்ததும் திருப்ப வழியின்றி வட்டிக்கு அலைகிறவர்கள் எத்தனை பேர்! கடன் கொடுத்ததற்குப் பகரமாக வீட்டின் பயனை அனுபவிப்பது மார்க்கத்தில் ஆகுமா என்பதையும் உங்கள் ஆலிமிடம் கேட்டு விடுங்கள்.

குடிவருகிறவர் நெசவாளியாக இருக்கலாம். குழித்தறி என்றால் தரையில் குழி தோண்ட வேண்டும். காலி செய்யும்போது அதை மூடித் தளம் போடுவது யார் என்று முதலிலேயே எழுதுங்கள். சேலை அறுத்துக் கொடுத்த பிறகுதான் அவர் கைக்குக் கூலி வரும். மழைக்காலத்தில் பாவு காயாது, வேலை இழுக்கும். "ஐந்தாம் தேதிக்குள் வாடகை" என்று அடம் பிடிக்காமல், கூலி வரும் நாளைக் கேட்டு வாடகை நாளை வையுங்கள். பாக்கியும் குறையும், மனஸ்தாபமும் குறையும்.

இளைஞர்களே, பெயரைக் கேட்டதுமே "வீடு இல்லை" என்று கதவைச் சாத்தும் அனுபவம் சென்னைக்கு வேலைக்குப் போன உங்களில் பலருக்கு உண்டு. அந்த வலியை அறிந்த நாமே, நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கலாமா? வேலை என்ன, எத்தனை பேர், முன்பு குடியிருந்தது எங்கே என்று கேளுங்கள். அதற்கு மேல் கேட்க நமக்கு உரிமை இல்லை.

இஷாவுக்கு நேரமாகிறது. வாங்குவதற்கு வீடு பார்த்து வைத்திருப்பவர்கள் தொழுகைக்குப் பின் பத்திர நகலோடு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம். முன்பணம் மட்டும் இன்று இரவு கொடுத்து விடாதீர்கள்.