கண்ணுக்கு ஒரு சொட்டு
(மலாக்கா வட்டாரத் தொழிலாளரிடையே ஆற்றிய உரை)



சம்பளம் பேசும் மேடையில் இன்று கண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். ஜாசினிலும் அலோர் காஜாவிலும் மெர்லிமாவிலும் நம்மவர் இருட்டிலேயே எழுந்து மரம் வெட்டியவர்கள். கிராணிமாரோ கணக்கேட்டில் கண்ணைக் கரைத்தவர்கள். அந்தக் கண்ணை ஓசையின்றிக் களவாடும் நோய் ஒன்று உண்டு. அதுதான் கண் அழுத்த நோய். டாக்டர்கள் குளுக்கோமா என்பர்.

கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாவிட்டால் அழுத்தம் ஏறும்; பார்வை நரம்பு நலியும். முதலில் பக்கப் பார்வை குறையும். பெரும்பாலோருக்கு வலியே இராது. கண்புரையென்றால் அறுவை செய்து பார்வையை மீட்கலாம். இதில் போன பார்வை போனதுதான். மிச்சத்தைக் காப்பதே மருந்தின் வேலை.

இங்கேதான் நாம் தவறுகிறோம். சொட்டு மருந்து விட்டால் பார்வை கூடுவதில்லை. சில வேளை எரிச்சல் வேறு. "பலனில்லை" என்று புட்டியை அலமாரியில் வைத்துவிடுகிறோம். தீர்ந்துபோனால் அடுத்த தவணை வரை சும்மா இருக்கிறோம். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் மட்டும் மறவாமல் விடுகிறோம்! ஏமாந்தது டாக்டரா, நாமா?

இது நம்மவர் குறை மட்டுமன்று. 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் மருந்தை இலவசமாகத் தந்து, கணக்கெடுக்கும் கருவியும் கொடுத்தார்கள். கண்காணிப்பது தெரிந்தும், 100-க்கு ஏறத்தாழ 45 பேர் முக்கால் பங்கு வேளைகூட மருந்து விடவில்லை.

மருந்தின் பலனோ மெய். கண் அழுத்தம் உயர்ந்தும் நோய் தொடங்காத 1,636 பேரை ஆராய்ந்து 2002-இல் முடிவு வெளியிட்டார்கள். ஐந்தாண்டில், மருந்து பெறாதவர்களில் 9.5 விழுக்காட்டினருக்கு நோய் கண்டது, பெற்றவர்களில் 4.4 விழுக்காடே.

ஆகவே, இரவு மருந்தைச் சாப்பாட்டோடு சேர்த்துப் பழக்குவோம். கையைக் கழுவி, தலையைச் சாய்த்து, கீழிமையை இழுத்து ஒரே சொட்டு விடுவோம். கண்ணை மூடி, மூக்கோரத்தை இரண்டு நிமிடம் அழுத்துவோம். இரண்டு மருந்தானால் இடையே ஐந்து நிமிடம் பொறுப்போம். கை நடுங்கினால் பிள்ளைகள் விடட்டும். ஆஸ்துமா உள்ளவர் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். சில சொட்டுகள் மூச்சை அடைக்கும். எரிச்சலானாலும் நாமாக நிறுத்தாமல் வேறு மருந்து கேட்போம். விட மறந்ததையும் ஒளிக்காமல் சொல்வோம். பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் இருந்தால் நாமும் சோதித்துக்கொள்வோம்.

கூலி போகுமே என்று தவணையைத் தவறவிடாதீர்கள். டாக்டர் சீட்டுக் கொடுத்தால், 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. மறுத்தால் சங்கத்திடம் வாருங்கள்.

தோழர்களே! வெட்டிய பட்டை மறுபடி வளரும். கண் நரம்பு வளராது. இன்றிரவே புட்டியை எடுங்கள்.