வளைந்த பாதம் நேராகும்: பாதியில் விட்டுவிடாதீர்கள்



குழந்தை பிறந்ததும் ஆணா பெண்ணா என்று பார்க்கிறோம். அதே கையோடு இரண்டு பாதங்களையும் பாருங்கள். பாதம் உள்பக்கம் மடங்கி, குதிகால் மேலே தூக்கி நின்றால் அது வளைந்த பாதம். ஏறத்தாழ 1,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி அமைகிறது. எலும்பே இல்லாமல் பிறக்கும் அபூர்வக் குறை வேறு. அதற்குச் சிகிச்சையும் வேறு. எது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

"கிரகணத்தன்னிக்கு இவ காய் நறுக்கினா, அதான்" என்பார்கள். அது வீண் பழி. கருவில் வளரும்போதே ஏற்படும் அமைப்பு இது. மருமகளை ஏசினாலும் சரி, எண்ணெய் போட்டு உருவினாலும் சரி, பாதம் திரும்பாது.

திருப்ப வழி இருக்கிறது. அமெரிக்காவில் டாக்டர் பொன்செட்டி வகுத்த முறை இன்று நம் நாட்டிலும் நடக்கிறது. பிறந்த இரண்டொரு வாரத்திலேயே தொடங்குவது நல்லது. வாரம் ஒருமுறை பாதத்தை மெல்லத் திருப்பி, விரலிலிருந்து தொடை வரை மாவுக்கட்டு போடுவார்கள். பெரும்பாலும் 5, 6 கட்டுகளில் பாதம் திரும்பும். பல குழந்தைகளுக்குக் குதிகால் தசைநாரை வெட்டிவிட்டு, 3 வாரம் கடைசிக் கட்டு போடுவார்கள். கட்டுக்குள் விரல்கள் நீலம் பாய்ந்தாலோ வீங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இதுக்கு அப்புறம்தான் நம்ம வேலை ஆரம்பிக்குது. இரண்டு பூட்ஸையும் ஒரு பட்டையால் இணைத்த காலணி தருவார்கள். முதல் 3 மாதம் நாளுக்கு 23 மணி நேரம், பிறகு 4 வயது வரை தூங்கும்போதெல்லாம் போட வேண்டும். "கால்தான் நேராயிடுச்சே, புள்ள அழுவுது" என்று கழற்றிப் பரணில் போட்டால் பாதம் மறுபடி வளையும். பட்ட பாடெல்லாம் வீண். சில நாள் அழும், அப்புறம் பழகிவிடும். புண் வந்தால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் இந்தக் குறையும் சேர்ந்திருக்கிறது, சிகிச்சை இலவசம். கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள். திண்டிவனம் அரசு மருத்துவமனையிலோ, விழுப்புரம் போகும் வழியில் முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ குழந்தையைக் காட்டுங்கள்.

தகப்பன்மார்களே, கரும்பு வெட்டு இருக்கலாம், மல்லாட்டைப் பறிப்பு இருக்கலாம். கட்டு மாற்றும் நாளில் தாயைத் தனியே பஸ் ஏற்றிவிடாதீர்கள். இரவில் காலணி மாட்டும் வேலையை நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு ஓடி விளையாடும்.