மைக்ரோ சால்டரிங்: கற்கத் தொடங்கும் இளைஞர்களுக்கு

(இளைஞர் தொழிற்பயிற்சித் தொடக்கத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

அலைபேசியின் திரையையும் பேட்டரியையும் மாற்றித் தருவோர் இன்று பலர் உள்ளனர். ஆனால் பழுது போர்டில் என்றவுடன், "இது சரியாகாது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள்" என்று கூறிவிடும் கடைகளே மிகுதி. அந்தப் போர்டிலேயே பழுதான பாகத்தை எடுத்து மாற்றும் தொழிலுக்கு மைக்ரோ சால்டரிங் என்று பெயர். இதில் தேர்ந்த சகோதரர்களிடம் கேட்டறிந்தவற்றை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, பார்வை. 0201 எனப்படும் கெப்பாசிட்டரின் நீளம் 0.6 மில்லிமீட்டர், அகலம் 0.3 மில்லிமீட்டர். ஒரு கடுகு இதைவிடப் பெரியது. எனவே முதற்செலவை ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்புக்கே செய்ய வேண்டும். அதில் 0.5 துணை லென்ஸைப் பொருத்தினால், போர்டுக்கு மேலே கை புழங்கப் போதிய இடைவெளி கிடைக்கும். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் சால்டரிங் ஸ்டேஷன், ஹாட் ஏர், கூரிய ட்வீசர், ஃப்ளக்ஸ், மல்டிமீட்டர் ஆகியவை அடுத்த தேவைகள்.

இரண்டாவது, வெப்பம். வெள்ளீயமும் காரீயமும் 63க்கு 37 என்ற அளவில் கலந்த சால்டர் 183 டிகிரி செல்சியஸில் உருகும். தொழிற்சாலையில் போர்டுகளுக்கு இடப்படும் காரீயமில்லாத சால்டரோ பெரும்பாலும் 217 டிகிரியைத் தாண்டியே உருகும். அது உருகுவதற்கு முன் பாகத்தைப் பிடித்து இழுத்தால், அடியிலுள்ள செம்புப் பேட் பெயர்ந்துவிடும். பழைய சால்டருடன் காரீயம் கலந்ததைச் சேர்த்தால் குறைந்த வெப்பத்திலேயே இளகும். ஃப்ளக்ஸ் உலோகத்தின் மேலுள்ள ஆக்சைடு படலத்தை நீக்கி, சால்டர் சீராகப் பரவச் செய்யும். ஆகவே பலத்தை நம்பாதீர்கள்; ஃப்ளக்ஸையும் பொறுமையையும் நம்புங்கள்.

மூன்றாவது, அளவை. இரும்பைக் கையில் எடுக்குமுன் மீட்டரை எடுக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, மீட்டரை டையோடு நிலையில் வைத்து, சிவப்பு முனையைக் கிரவுண்டிலும் கறுப்பு முனையைச் சோதிக்கும் இடத்திலும் வைத்துப் பாருங்கள். அதே மாதிரியின் நல்ல போர்டு காட்டும் அளவுடன் ஒப்பிடுங்கள். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் பெரும்பாலும் அந்த லைன் ஷார்ட் ஆகியுள்ளது எனலாம். ஒரே லைனில் பல கெப்பாசிட்டர்கள் இருக்கும்; அவற்றுள் ஒன்று ஷார்ட் ஆனாலே அந்த லைன் முழுவதும் முடங்கிவிடும். அந்த ஒன்றைக் கண்டறிவதே பாதி வேலை.

பயிற்சிக்கு ஒரு வரிசை உண்டு. கழிவாகிப்போன போர்டுகளை வாங்கி, முதலில் பேட்களைச் சுத்தம் செய்து பழகுங்கள். பிறகு கெப்பாசிட்டர்களை எடுத்து அதே இடத்தில் வையுங்கள்; அடுத்து கனெக்டர்கள்; அதன் பின் மெல்லிய கம்பியால் ஜம்பர். ஐ.சி.க்களை எடுத்து ரீபால் செய்வது இறுதிப் பாடம். சூடேற்றுமுன் பேட்டரியை அகற்றுவதும், புகையை வெளியேற்ற விசிறி வைப்பதும், காரீயம் தொட்ட கையை உணவுக்கு முன் கழுவுவதும் கட்டாயம்.

அன்பு இளைஞர்களே! இக்கால அலைபேசிகளில் நினைவகத்திலுள்ளவை மறையாக்கம் செய்யப்பட்டுள்ளன. அதைத் திறக்கும் சாவி பிராசஸருடன் பிணைந்துள்ளது. பிராசஸர் கருகிப்போனால், நினைவகம் நன்றாக இருந்தும் உள்ளிருப்பதை மீட்க வழியில்லை. மறைந்துவிட்ட ஒரு தாயின் கடைசிப் புகைப்படம் அதில் இருக்கலாம். எனவே பிறர் அலைபேசி உங்கள் பயிற்சிப் பலகை அன்று. அது உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். இயலாததை இயலாது என்று கூறி, வந்த நிலையிலேயே திருப்பித் தருவதும் இத்தொழிலின் ஒரு பகுதியே. கைத்திறன் கூலியைப் பெற்றுத் தரும். நாணயமே அந்த வாடிக்கையாளரை மீண்டும் உங்கள் கடைக்கு அழைத்து வரும்.

வஸ்ஸலாம்.