ஒரு டொலர் உறுதி

(கைத்தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



காணியொன்றை விற்பதாயின் நாம் என்ன செய்கின்றோம்? எல்லை பார்க்கின்றோம், பழைய உறுதிகளைத் தேடுகின்றோம், நொத்தாரிசு முன்னிலையில் கையொப்பமிட்டுப் பதிவுக் கந்தோரில் பதிகின்றோம். ஆனால் மூளையில் விளைந்த சொத்தை மட்டும் வாசித்துப் பாராத காகிதத்தில் ஒப்பமிட்டுக் கொடுத்துவிடுகின்றோம்!

வெங்காயத் தாள் அரியும் பொறியொன்றைச் செய்த தொழிலாளி ஒருவர் எம்மிடம் வந்தார். பொறியைச் செய்து விற்க ஒரு முதலாளிக்கு அனுமதி கொடுத்ததாகவே அவர் எண்ணியிருந்தார். காகிதமோ "சகல உரிமைகளும்" என்றது. குத்தகை என நினைத்தவர் அறுதியாக விற்றிருந்தார்! கையொப்பத்தின் முன் நாம் என்ன வாதாடுவது?

சட்டம் சொல்வது என்ன?

நூலுக்குப் பதிப்புரிமை, சரக்கின் பெயருக்கு வியாபாரக் குறி, புதிய கண்டுபிடிப்புக்கு ஆக்கவுரிமை. இம்மூன்றும் புலமைச் சொத்துகளே. இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கச் சட்டப்படி, ஆக்கவுரிமையின் ஆயுள் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. இருவர் தனித்தனியே ஒன்றையே கண்டுபிடித்தால், முந்தி விண்ணப்பித்தவருக்கே உரிமை. கைமாற்றம் எழுத்தில் அமைந்து, இரு தரப்பாரின் ஒப்பமும் பெறல் வேண்டும். தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தின் பதிவேட்டில் பதியாத கைமாற்றம் மூன்றாம் ஆளைக் கட்டுப்படுத்தாது. வேலை ஒப்பந்தத்தின் கீழ் செய்த கண்டுபிடிப்போ, வேறு உடன்பாடு இல்லையெனில், முதலாளியையே சேரும். தொழிலாளத் தோழர்களே, இதனை மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள்!

கொடுப்பதிலும் ஒரு கொள்கை

கைமாற்றம் என்றாலே ஏமாற்றமா? அன்று. 1923 இல் கனடாவின் ரொறன்ரோ நகரில், இன்சுலின் கண்ட பாண்டிங், பெஸ்ட், கொலிப் என்னும் மூவரும் தம் உரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டொலருக்கு எழுதிக்கொடுத்தனர். இலாபம் தேடியன்று, வேறொருவன் அம்மருந்தைத் தன் ஏகபோகமாக்காமல் தடுக்கவே ஆக்கவுரிமை வேண்டினர். பல்கலைக்கழகம் மருந்தின் தரத்தைச் சோதித்து, செய்வோருக்கு அனுமதி வழங்கியது. அவர்களும் ஒப்பமிட்டனர்; எம்மிடம் வந்தவரும் ஒப்பமிட்டார். அவர்கள் கொடுப்பது இன்னதென அறிந்து கொடுத்தனர். இவர் அறியாது இழந்தார். வேறுபாடு அதுவே.

ஆயினும் ஒரு டொலர் உறுதி எக்காலத்துக்கும் காவலாகவில்லை. பிற்காலத்தில் புதுவகை இன்சுலின்களுக்குப் புது ஆக்கவுரிமைகள் எழுந்தன. இந்த நூற்றாண்டில் அமெரிக்காவிலே விலை தாளாது மருந்தின் அளவைக் குறைத்துக்கொண்ட நோயாளர் உண்டு. உரிமை எவர் கையில் உள்ளதோ, மருந்தின் விலையும் அவர் கையிலன்றோ?

ஆதலால் ஒப்பமிடுமுன் மூன்று கேளுங்கள்: இது விற்பனையா, குத்தகையா? எத்தனை ஆண்டுக்கு, எந்த நாட்டுக்கு? பதிவு செய்வது யார்? விடை எழுத்தில் இல்லையேல் பேனாவை மூடிவிடுங்கள். கொடுப்பது நம் விருப்பம்; அறியாமல் இழப்பது நம் குற்றம்.