கணையம் கற்பித்த பாடம்

மாணவ மாணவியரே,

முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பறையில் நின்று பேசியவன் நான். பாடத்தைத் தொடங்குமுன் உங்களைப் போன்றோரின் முகங்களை ஒருமுறை பார்த்துக்கொள்வது என் வழக்கம். இன்று ஒலிபெருக்கியின் முன் அமர்ந்திருப்பதால் உங்கள் முகங்களைக் காண முடியவில்லை. எனினும், நீங்கள் எதிரே இருப்பதாகவே எண்ணிக்கொண்டு, என் உடம்பில் நான் படித்த பாடம் ஒன்றைக் கூறுகிறேன்.

இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளத்தில் கணையம் என்னும் உறுப்பு மறைந்து கிடக்கிறது. உண்ட உணவைச் செரிக்கச் செய்யும் நீரையும், குருதியில் சர்க்கரையை அளவோடு வைக்கும் இன்சுலினையும் சுரப்பது அதுவே. கையால் தொட்டு அறிய இயலாத இடத்தில் அது இருப்பதால், அங்கே தோன்றும் புற்றுநோய் நெடுங்காலம் வெளியே தெரிவதில்லை.

என் கதையும் அதுதான். பணி ஓய்வு பெற்ற நான்காம் ஆண்டில் எனக்குப் பசி குறைந்தது, உடல் இளைத்தது, இதுவரை இல்லாத சர்க்கரை நோய் புதிதாகத் தோன்றியது. முதுமையின் இயல்பு என்று நானே விடை எழுதிக்கொண்டேன். பின்னர்க் கண்கள் மஞ்சளித்தன. மஞ்சட்காமாலைதானே என்று கீழாநெல்லியை அரைத்துக் குடித்து மூன்று வாரங்களைக் கழித்தேன். கல்லீரலிலிருந்து வரும் பித்தநீர்க் குழாய் கணையத்தின் தலைப்பகுதியை ஊடுருவிச் செல்கிறது. அங்கே எழுந்த கட்டி அக்குழாயை நெருக்கியதால் வந்த காமாலை அது. நோய் ஒன்றாயினும் அதன் காரணம் பலவாகலாம் என்பதை அறிவியல் வகுப்பில் பிறர்க்குச் சொன்ன நான், என் அளவில் மறந்துபோனேன்.

1935ஆம் ஆண்டில் ஆலன் விப்பிள் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் விளக்கிய முறையில் எனக்கு அறுவை நடந்தது. கணையத்தின் தலை, அதை ஒட்டிய முன்சிறுகுடல், பித்தப்பை ஆகியவற்றை நீக்கி, எஞ்சியவற்றை மீண்டும் இணைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத புற்றணுக்கள் எங்கேனும் தங்கியிருக்கலாம் என்பதால், இரு வாரத்திற்கு ஒரு முறையாகப் பன்னிரண்டு முறை மருந்தேற்ற வேண்டும் என்றார் மருத்துவர். இதைத்தான் கீமோதெரபி என்கிறோம்.

இச்சிகிச்சையின் பிறப்பு வியப்புக்குரியது. போரில் பயன்பட்ட நச்சுவாயுவின் இனத்தைச் சேர்ந்த நைட்ரஜன் மஸ்டர்டு என்னும் பொருளை, 1942ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் புற்றுநோயாளி ஒருவருக்குச் செலுத்தினர். கட்டிகள் சுருங்கின. அழிக்கப் பிறந்த பொருளே ஆக்கத்திற்கு வழிகாட்டியது. இத்தகைய மருந்துகளுள் பல, விரைந்து பெருகும் உயிரணுக்களைத் தாக்குகின்றன. புற்றணுக்கள் விரைந்து பெருகுபவை. ஆனால், வாயின் உட்தோலும், குடலின் உட்புறமும், மயிர்க்காலும், எலும்பு மச்சையும் அவ்வாறே பெருகுபவை அல்லவா? ஆதலின், பகைவனை நோக்கி எய்த அம்பு வீட்டாரையும் காயப்படுத்துகிறது.

எனக்கு நேர்ந்தவற்றைச் சொல்கிறேன். வாய் புண்ணாயிற்று, உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரால் நாள்தோறும் பலமுறை கொப்பளித்தேன். நாவில் எப்போதும் இரும்பின் சுவை, இரசமும் கசந்தது. ஆக்சாலிபிளாட்டின் என்னும் மருந்து ஏறிய சில நாட்களுக்குக் குளிர்ந்த எதையும் தொட முடியாது. ஒரு நாள் குழாய் நீரில் கை வைத்தேன்; ஊசிகள் குத்துவதுபோல் துடித்தேன். மண்பானைத் தண்ணீரை விரும்பும் நான் வெந்நீரே பருகினேன். குமட்டலுக்கு, அது வந்தபின் அல்லாமல் வருமுன்பே மாத்திரை உண்ண வேண்டும் எனக் கற்றேன். உணவோடு கணைய நொதிகள் அடங்கிய மாத்திரைகளையும் விழுங்கி, வயிறு நிறைய மும்முறை உண்பதை விட்டு, சிறிது சிறிதாக ஆறு முறை உண்டேன்.

மருந்தேற்றும் கூடத்தில் இருந்த செவிலியர் என் பழைய மாணவி. அவர் என்னிடம் ஒரு குறிப்பேட்டை நீட்டி, “ஐயா, அந்நாளில் நீங்கள் வருகைப் பதிவேட்டை விடாமல் எழுதினீர்கள். இனி நாள்தோறும் உங்கள் எடை, உடல்வெப்பம், உண்ட உணவு மூன்றையும் எழுதுங்கள். 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டால் இரவென்றும் பாராமல் எங்களிடம் வந்துவிடுங்கள்,” என்றார். மருந்தினால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது சிறு காய்ச்சலும் உயிரைக் குடிக்கலாம்.

ஐந்தாம் முறைக்குப் பின் ஓர் இரவு வெப்பமானி 101 காட்டியது. வீட்டாரின் உறக்கத்தைக் கெடுப்பானேன் என்று விடியும்வரை மறைத்தேன். விடியற்காலையில் எழுந்து நிற்கவும் வலிமை இல்லை. ஆறு நாட்கள் மருத்துவமனையில் கிடந்து பிழைத்தேன். குறிப்பேட்டைக் கண்ட என் மாணவி, “இரவு பத்து மணிக்கு எழுதியிருக்கிறீர்கள், காலையில் வந்தீர்கள்,” என்று மட்டும் சொன்னார். தாமதமாக வந்த மாணவர்களை வாயிலில் நிறுத்திய தலைமையாசிரியர் அன்று தலைகுனிந்தார்.

உடல் துன்பத்தினும் பெரிது, வருவோரின் பார்வை. சிலர் கண் கலங்கினர். சிலர் நோயின் பெயரைச் சொல்லவும் அஞ்சினர். கல்லூரி மாணவன் ஒருவன் மட்டும், “ஐயா, ஆகுபெயரில் ஓர் ஐயம்,” என்று நூலோடு வந்தான். ஒரு மணி நேரம் பேசினோம். அந்த ஒரு மணி நேரம் நான் நோயாளியாக இல்லை, ஆசிரியனாக இருந்தேன். நோயுற்றோரைக் காணச் செல்லும்போது இதை நினைவில் கொள்ளுங்கள்.

மருந்தேற்றம் முடிந்து ஓராண்டு கடந்துவிட்டது. விரல்நுனிகள் இன்னும் மரத்தே இருக்கின்றன. சட்டைப் பொத்தானைப் போட என் மனைவி துணை செய்கிறார். மூன்று திங்களுக்கு ஒருமுறை சோதனை. அதற்கு முந்தைய இரவு உறக்கம் வருவதில்லை. இந்நோய் திரும்பி வருவதே பெரும்பான்மை என்பதை நான் அறிவேன். அறிந்தே இந்த ஆண்டும் முற்றத்தில் முருங்கைக் கொம்பு நட்டிருக்கிறேன். மாலையில் நான்கு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன்.

இளைஞர்களே, புகையிலையைத் தொடாதீர்கள். இந்நோய்க்கும் அது ஒரு காரணம். வீட்டில் பெரியவர் ஒருவர் காரணமின்றி இளைத்தால், கண் மஞ்சளித்தால், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். “வயதாகிவிட்டது” என்று அவர் சொல்வார். அந்த விடையை ஏற்காதீர்கள். அது தவறான விடை என்பதை, அதை எழுதித் தோற்ற ஒருவனே சொல்கிறேன்.