சாளரமும் திரையும்

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. புதிதாகக் கட்டிய வீட்டின் சாளரங்களுக்கு எத்தகைய திரை இடுவது என்பதே அது. ‘இதில் கற்பதற்கு என்ன இருக்கிறது?’ என்று நீங்கள் எண்ணலாம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன நானும் அப்படித்தான் எண்ணினேன். அந்த எண்ணம் பிழை என்பதை என் வீட்டுச் சாளரங்களே எனக்குக் கற்பித்தன.

பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், சேர்வராயன் மலைமேல் ஏற்காட்டில் ஒரு சிறு வீடு கட்டினேன். ஏரியும் காடும் சூழ்ந்ததால் ஏற்காடு எனப் பெயர் பெற்ற அவ்வூர், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. வீட்டிற்கு ஏழு சாளரங்கள். குடிபுகும் நாள் நெருங்கியது. சமவெளியில் ஒரு கடைக்குச் சென்றேன். “மலையில் குளிர் அதிகம், கனமான துணியே ஏற்றது” என்றார் கடைக்காரர். கருஞ்சிவப்பு நிற வெல்வெட் துணியை ஏழு சாளரங்களுக்கும் ஒரே அளவாக வாங்கிவந்து தைத்து மாட்டினேன். “எல்லாச் சாளரத்துக்கும் ஒரே மருந்தா?” என்று என் துணைவியார் கேட்டார். நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஓராண்டிற்குள் மூன்று பிழைகள் வெளிப்பட்டன.

முதற் பிழை ஈரம். மழைக்காலத்தில் மூடுபனி எங்கள் வீட்டு வாசல்வரை வந்து நிற்கும். குளிர்ந்த கண்ணாடியின்மேல் அறையிலுள்ள நீராவி துளிகளாகப் படியும். கண்ணாடியை ஒட்டித் தொங்கிய கனத்த துணி அந்த ஈரத்தை உறிஞ்சியது, உலர வழியில்லை. வடக்குப் பக்கத்துத் திரையைத் திருப்பிப் பார்த்தபோது பின்புறமெல்லாம் கரும்புள்ளியாகப் பூசணம் பூத்திருந்தது.

இரண்டாம் பிழை வெயில். குளிர்ந்த ஊரில் வெயிலுக்கு வலிமை குறைவு என்பது நம் மயக்கம். ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் புற ஊதாக் கதிரின் வலிமை ஏறத்தாழப் பத்து விழுக்காடு கூடும் என்பர் அறிவியலார். அந்தக் கணக்கின்படி, ஏற்காட்டில் அது கடற்கரை ஊரைவிட ஏறத்தாழப் பதினைந்து விழுக்காடு மிகுதி. மேற்குச் சாளரத்தின் கருஞ்சிவப்புத் திரை மடிப்பு மடிப்பாக வெளுத்து, வரி வரியாகக் காட்சியளித்தது.

மூன்றாம் பிழையைப் பிறகு சொல்கிறேன். அது துணியைப் பற்றியதன்று.

பிழை கண்ட பின்னரே நான் மாணவனானேன். முதலில் திசைகளை எண்ணிப் பார்த்தேன். நம் ஊர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே பன்னிரண்டு பாகைக்குச் சற்றுக் குறைவான தொலைவில் உள்ளது. எனவே டிசம்பர் மாதத்து நண்பகலில் சூரியன் உச்சியினின்றும் முப்பத்தைந்து பாகை தெற்கே சாய்ந்து நிற்கும். அக்குளிர்காலத்தில் தெற்குச் சாளரத்தின் வழியே வரும் வெயில் ஒரு செல்வம். பகலில் அதைத் திரையிட்டுத் தடுப்பது பேதைமை. ஜூன் மாதத்திலோ சூரியன் உச்சிக்கு வடக்கே சிறிதளவே சாய்ந்திருக்கும். அதனைத் தடுக்கக் கூரையின் இறவாணமே போதும். கிழக்கிலும் மேற்கிலுமே வெயில் தாழ்ந்து, நேரே அறைக்குள் பாயும். அங்கேதான் திரைக்கு உண்மையான வேலை.

அடுத்து, திரையின் வகை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் நாடக அரங்கிற்கு மூவகைத் திரைகள் கூறப்படுகின்றன. ஒரு பக்கமாக இழுக்கப்படுவது ஒருமுக எழினி. இரு பக்கமிருந்தும் வந்து நடுவில் பொருந்துவது பொருமுக எழினி. மேலிருந்து இறங்குவது கரந்துவரல் எழினி. இன்றைய கடைகளில் எத்தனையோ புதுப் பெயர்களில் விற்கப்படும் திரைகளைப் பாருங்கள். பெரும்பாலும் இம்மூன்றனுள் அடங்கிவிடும்! நம் முன்னோர் சாளரத்தைக் ‘காலதர்’ என்றனர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்றின் வழி என்பது பொருள். நாம் வழங்கும் ‘ஜன்னல்’ போர்த்துக்கீசியர் தந்த சொல். ஆங்கிலச் சொல்லாகிய ‘விண்டோ’வும் ‘காற்றின் கண்’ என்னும் பொருளுடைய பழைய வடபுல மொழிச் சொல்லிலிருந்து பிறந்ததே. காற்று வருவதற்கென்று வைத்த வழியை நான் வெல்வெட்டால் அடைத்திருந்தேன்.

மூன்றாவதாக, கணக்கு. சாளரம் நான்கடி அகலம், நாலரை அடி உயரம் என்று கொள்வோம். திரைக் கம்பி இரு புறமும் அரையடி நீளவேண்டும்; ஆக ஐந்தடி. மடிப்பு அழகாக விழக் கம்பியைப்போல் இரு மடங்கு துணி தேவை; ஆக அகலம் பத்தடி. துணியின் அகலம் நான்கடி என்றால் மூன்று துண்டுகள் வேண்டும். உயரத்தில் மேலும் கீழும் அரையடி கூட்டினால் ஐந்தரை அடி. மடித்துத் தைக்க ஓரடி. பருத்தி சுருங்குவதற்காகச் சிறிது. ஏறத்தாழ ஏழடி. மூன்று துண்டுகளுக்கு இருபத்தோரடி, அதாவது ஏழு கஜம். பருத்தித் துணியாயின் வெட்டுவதற்கு முன் ஒருமுறை நனைத்து உலர்த்திவிடுங்கள். கண்ணாடிக்கும் திரைக்கும் நான்கு விரற்கடையேனும் இடைவெளி இருக்கட்டும்.

இம்முறை துணியைக் கைத்தறிக் கூட்டுறவுக் கடையிலேயே வாங்கினேன். 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் இன்றும் நம் நெசவாளரின் துணியை விற்றுவருகிறது. கரூரில் நெய்யும் திரைத்துணிகள் கடல் கடந்து செல்கின்றன. அவ்வாறிருக்க, மலையடிவாரத்துச் சேலத்தில் தறிகள் ஒலிக்கும்போது நான் எங்கோ நெய்த வெல்வெட்டை நாடியது முறையன்று. துவைக்க எளிதான பருத்தித் துணி. வெயிலைத் தாங்க அதன் பின்னே மலிவான வெள்ளை உட்துணி. படுக்கையறைக்குப் பொருமுக எழினி. தெற்கிற்கு மெல்லிய ஒற்றைத் திரை. ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் திரையின் இழுகயிறு தொங்கலாகாது. அது கழுத்தில் சுற்றிக் குழந்தைகள் இறந்த துயரங்கள் பல நாடுகளில் நிகழ்ந்துள்ளன.

இனி, அந்த மூன்றாம் பிழை.

என் மேற்குச் சாளரத்திற்கு எதிரே, சரிவில், காப்பித் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசை உள்ளது. நாங்கள் குடிவந்த புதிதில், திரை தைத்து வருமுன், அங்குள்ள பிள்ளைகள் சிலர் மாலையில் வந்து கணக்கில் ஐயம் கேட்பார்கள். திரை மாட்டிய சில நாளில் அவர்கள் வரவு நின்றது. பிள்ளைகளுக்கு ஆர்வம் குன்றிவிட்டது என்று நான் என் துணைவியாரிடம் குறைபட்டுக்கொண்டேன். அரையாண்டுத் தேர்வு முடிந்த பின், ஒரு சிறுமியைக் கடைவீதியில் கண்டேன். கணக்கில் தவறிவிட்டதாகத் தலைகுனிந்து சொன்னாள். “ஏன் அம்மா வரவில்லை?” என்றேன். அவள் சொன்னாள்: “விளக்கு வெளிச்சம் தெரிந்தால் வருவோம், ஐயா. இப்பொழுது தெரிவதே இல்லை. நீங்கள் தூங்கியிருப்பீர்கள் என்று திரும்பிப் போய்விடுவோம்.”

நேயர்களே, என் வீட்டினுள் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. கூடத்தில் நாற்காலியிட்டு, ‘ஒருவரும் வரவில்லையே’ என்று நான் காத்துக்கொண்டுதான் இருந்தேன். நடுவே தொங்கியது ஒரு துணி.

அன்று மாலையே அந்தத் திரையைக் கழற்றினேன். இப்பொழுது அங்கே சாளரத்தின் கீழ்ப்பாதிக்கு மட்டும் பருத்தித் திரை. உள்ளே இருப்போரின் மறைவிற்கு அது போதும். மேலே ஒரு மூங்கில் தட்டி. பிற்பகல் வெயிலில் அதை இறக்குவோம். பொழுது சாய்ந்ததும் சுருட்டிவிடுவோம். விளக்கு வெளிச்சம் சரிவின் அடிவரை தெரிகிறது. முதல் வாரம் ஒருவர் வந்தார். அடுத்த வாரம் நால்வர். ஆண்டுத் தேர்வில் அச்சிறுமி கணக்கில் தேறினாள்.

நாளை நீங்களும் வீடு கட்டுவீர்கள். வெயிலுக்கும் குளிருக்கும் திரையிடுங்கள், அது தேவை. ஆனால் கம்பியை அடிக்கு முன், ஒரு மாலைப்பொழுதில் வெளியே இறங்கிச் சென்று, தெருவிலிருந்து உங்கள் சாளரத்தை ஒருமுறை பாருங்கள். அங்கிருந்து எது தெரியவேண்டும், எது மறையவேண்டும் என்பது அப்பொழுதுதான் விளங்கும். நான் அதைச் செய்யாததால் ஒரு குழந்தையின் அரையாண்டு வீணாயிற்று.